வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு ரியூசனும் கொடுக்கலாமா? விசா விதிகள், படிப்படியாக

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் விட்ட கையோடு ரியூட்டரிக்குப் போய் இரண்டு வகுப்பு எடுப்பதை யாரும் இன்னொரு வேலையாக நினைப்பதில்லை. அதே பழக்கத்தோடு டுபாய்க்கோ லண்டனுக்கோ போகும் ஆசிரியர்கள்தான் மாட்டுப்படுகிறார்கள். அங்கே வேலை விசா என்பது குறிப்பிட்ட பள்ளிக்கூடத்தில் குறிப்பிட்ட பதவிக்குத் தரப்படுவது. அதற்கு வெளியே காசு வாங்கிச் செய்யும் எதுவும் இரண்டாவது வேலைதான். லண்டனில் இருந்துகொண்டு சூம் வழியாகக் கொக்குவில் பிள்ளைக்குக் கணிதம் படிப்பித்தாலும், வேலை நடப்பது லண்டனில்தான்.

படி 1: வெளிக்கிடமுன்

வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கமுன், வேறு வேலை செய்வதைப் பற்றிய பந்தியைத் தேடி வாசியுங்கள். விசா இடம் தந்தாலும் ஒப்பந்தம் தடுத்தால் வேலை போகும். வேலை போனால் விசாவும் போகும். பந்தி தெளிவில்லை என்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். "வேறு வேலை செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்காமல், "பாடசாலை நேரத்துக்குப் பிறகு, வேறு பிள்ளைகளுக்கு, கிழமைக்கு ஆறு மணித்தியாலம்" என்று விவரமாகக் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், அதிபர் மாறினால் அந்தச் சொல்லும் போய்விடும்.

பட்டச் சான்றிதழ்களை வெளிவிவகார அமைச்சில் உறுதிப்படுத்தக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகம்) அந்த அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

படி 2: ஐக்கிய அரபு அமீரகம் என்றால்

இங்கே வழி சுலபம். தனியார் ரியூசனுக்கென்றே 2023 டிசம்பரில் ஓர் அனுமதி அறிமுகமானது. மனிதவள அமைச்சின் இணையத்தளத்திலோ செயலியிலோ விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை, அனுமதி இரண்டு வருடத்துக்குச் செல்லும், முடிவு ஐந்து வேலைநாளில் வரும். பாஸ்போர்ட் அல்லது எமிரேட்ஸ் ஐடி, கையெழுத்திட்ட நடத்தைக் கோவை, நன்னடத்தைச் சான்றிதழ், வெள்ளைப் பின்னணியில் எடுத்த படம், உங்கள் பள்ளிக்கூடம் தரும் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம், இருந்தால் அனுபவச் சான்றிதழ் ஆகியவை தேவை.

இழுபடுவது பள்ளிக்கூடக் கடிதத்தில்தான். அது கையில் வராமல் விண்ணப்பத்தைத் தொட வேண்டாம். நிராகரிக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குப் பிறகே திரும்ப விண்ணப்பிக்கலாம், அதற்குள் பரீட்சைக் காலமே முடிந்துவிடும். இந்த அனுமதி நீங்கள் தனியாகக் கொடுக்கும் வகுப்புகளுக்கு மட்டுமே. ஒரு ரியூசன் நிலையம் உங்களைச் சம்பளத்துக்கு எடுத்தால், அந்த நிலையம் பகுதிநேர வேலை அனுமதி எடுக்க வேண்டும்.

படி 3: பிரித்தானியா என்றால்

எங்கள் ஆட்கள் அதிகம் பிழைவிடுவது இங்கேதான். ஸ்கில்ட் வேர்க்கர் விசாவில் (முதலாளி ஸ்பொன்சர் செய்து எடுக்கும் வேலை விசா) இருப்பவர் பிரதான வேலைக்குப் புறம்பாகக் கிழமைக்கு 20 மணித்தியாலம் வரை வேறு வேலை செய்யலாம். ஆனால் எந்த வேலையும் அல்ல. 2025 ஜூலை 22 இலிருந்து விதி இறுகியிருக்கிறது. உங்கள் சொந்த வேலையின் தொழிற்குறியீட்டிலேயே (ஒவ்வொரு வேலை வகைக்கும் அரசு கொடுத்திருக்கும் இலக்கம்) உள்ள வேலையைத் தேடுவதுதான் பாதுகாப்பு. இரண்டாம்நிலை ஆசிரியருக்கு அந்தக் குறியீடு 2313, ஆரம்பப் பிரிவு ஆசிரியருக்கு 2314. உங்களுடையது விசாவுக்காகப் பள்ளிக்கூடம் தந்த ஸ்பொன்சர்ஷிப் சான்றிதழில் இருக்கும், பார்த்து எழுதி வையுங்கள்.

தெரிந்தவரின் பெற்றோல் ஷெட்டில் சனி, ஞாயிறு கவுண்டரில் நிற்பது இதில் அடங்காது. தமிழ்க் கடையில் தட்டு அடுக்குவதும் உணவு டெலிவரியும் அப்படியே. "20 மணித்தியாலம் ஓகே" என்று யாரோ சொன்னதை அரைகுறையாகக் கேட்டு இறங்குகிறவர்கள் பலர். பிடிபட்டால் உழைத்த காசையே பறிமுதல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. வேலை கொடுத்தவருக்கு முதல் தடவையிலேயே ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம். உதவி செய்த சொந்தக்காரரின் கடையே மூடுப்படலாம்.

கிழமைக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்தக் கிழமை 10, அடுத்த கிழமை 30 என்று சராசரி பார்க்க முடியாது. ஓகஸ்ட் விடுமுறையில் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தாலும் எல்லை 20 தான். லீவில் முழுநேரம் வேலை செய்யும் சலுகை மாணவர் விசாவுக்குரியது, உங்களுக்கு அல்ல.

இரண்டாவது இடத்தில் சேரும்போது ஷெயார் கோட் (உங்கள் வேலை உரிமையை முதலாளி இணையத்தில் பார்க்க உதவும் குறியீடு) கொடுங்கள். அதோடு, நீங்கள் இன்னும் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறீர்கள், உங்கள் வேலை விவரமும் தொழிற்குறியீடும் இவை, வழமையான நேரம் இது என்ற மூன்றும் அடங்கிய கடிதத்தைப் பள்ளிக்கூடத்திடம் வாங்கிக் கொடுங்கள். புது முதலாளி பெரும்பாலும் இதைத்தான் கேட்பார். வரிப் படிவத்தில் "எனக்கு வேறு வேலையும் உண்டு" என்ற சி தெரிவைக் குறியுங்கள். உங்கள் 12,570 பவுண் வரிவிலக்கு முதல் வேலையிலேயே போய்விடுவதால், இரண்டாவது சம்பளத்தில் வழமையாக முதல் பவுணிலிருந்தே 20 வீதம் வெட்டுவார்கள். அதைப் பார்த்துப் பயந்து கையில் காசு வாங்கப் போக வேண்டாம். பிறகு நிரந்தர வதிவிடம் கேட்கும்போது வரிப் பதிவும் நீங்கள் சொல்லும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

சம்பளமில்லாத் தொண்டுக்குத் தடை இல்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் தாராளமாகப் படிப்பிக்கலாம். வழிச்செலவு வாங்கலாம், மாதாமாதம் "அன்பளிப்பு" என்று ஒரு தொகை வந்தால் அது சம்பளம்.

படி 4: ஜப்பான் என்றால்

குடிவரவு அலுவலகத்தில், வதிவிடத் தகுதிக்குப் புறம்பான செயற்பாட்டுக்கான அனுமதியை வகுப்பு தொடங்கமுன் எடுங்கள், கட்டணம் இல்லை. கிழமைக்கு 28 மணித்தியாலம் என்ற கதை பெரும்பாலும் மாணவர்களுக்கும் குடும்ப விசாக்காரருக்கும் உரியது. ஆசிரியருக்கு அனுமதி வழமையாக அந்தந்த வேலைக்குத் தனித்தனியாகத் தரப்படும்.

படி 5: தொடங்கிய பிறகு

ஒரு கொப்பியில் திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எழுதி, சம்பளச் சீட்டுகளை அதோடு வையுங்கள். பிரித்தானியாவில் ஏற்கெனவே பிழையாக வேலை செய்திருந்தால் உடனே நிறுத்திவிட்டு, பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரைப் பாருங்கள். அடுத்த விண்ணப்பத்தில் மறைத்து எழுதினால் அது ஏமாற்று என்ற வேறு குற்றமாகிவிடும்.

பிரித்தானியாவில் பள்ளிக்கூட வேலை நின்றால் இரண்டாவது வேலையையும் அன்றே நிறுத்த வேண்டும். உள்துறை அலுவலகம் விசாவைச் சுருக்கிப் பெரும்பாலும் 60 நாள் தரும். அந்த நாட்களை ரியூசனில் செலவழிக்காமல் புது ஸ்பொன்சரைத் தேடுங்கள்.