வீட்டுக்கு மிக் வெல்டிங் மிஷின் வாங்கியாச்சு, கேஸ் எது போடுறது?

மிக் வெல்டிங்னா மிஷின்ல இருந்து வயர் தானா ஓடி வந்து உருகி ஒட்டும், உருகுற இடத்துல வெளிக்காத்து படாம கேஸ் மூடிக்கும். நம்ம மதுரைப் பக்கம் பட்டறைகள்ல மிக் வெல்டிங்னு யாரும் அவ்வளவா சொல்றதில்ல, சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) வெல்டிங்னு தான் சொல்லுவாங்க, அதனாலயே புதுசா சின்ன மிஷின் வாங்குறவங்க எல்லா வேலைக்கும் சிஓடூ சிலிண்டர் ஒண்ணு போதும்னு நினைச்சுர்றாங்க. இரும்புக்கு அது சரி. அலுமினியத்துக்கு சுத்தமா ஆகாது. அதனால கேஸ் கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்ல என்னத்த பத்த வைக்கப் போறோம், அதாவது வெல்டு பண்ணப் போறோம்னு முடிவு பண்ணிக்கங்க.

வாசல் கேட்டு, மாட்டுக் கொட்டகைக்கு ஷெட்டு, டிரெய்லர் ரிப்பேர்னு 3 எம்எம்முக்கு மேல உள்ள இரும்புன்னா தனி சிஓடூ போதும். விலை கம்மி, ஆழமா உருகி இறங்கும். பொறி தான் நிறைய தெறிக்கும், அதைச் செதுக்கி கிரைண்டர் போட நேரம் ஆகும், கையில பிடிக்கிற டார்ச்சோட முனையில இருக்குற நாசில்லயும் ஒட்டிக்கும்.

1.2 எம்எம் ஸ்கொயர் பைப், கார் பாடி தகரம் மாதிரி மெல்லிசு வேலை தான் நிறையன்னா ஆர்கான் மிக்ஸுக்குப் போயிருங்க. ஆர்கான்ங்கிற கேஸ் 75ல இருந்து 82 சதவீதம், மிச்சம் சிஓடூ. ஆர்க், அதாவது வயர் முனையில எரியுற சுடர், சாந்தமா நிக்கும், பொறி கம்மி, பைப் சீக்கிரம் ஓட்டை விழாது. சிஓடூல இருந்து மிக்ஸுக்கு மாத்துனா வோல்டேஜை 1, 2 வோல்ட் குறைச்சு வைங்க, பழைய செட்டிங்லயே ஓட்டிட்டு மிக்ஸு சரியில்லன்னு சொல்றவங்க நிறைய பேரு.

எஸ்எஸ்னு சொல்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஆர்கான் 98, சிஓடூ 2. தனி சிஓடூ போட்டா கார்பன் ஏறி அந்த இடம் பின்னாடி துருப்பிடிக்கும். அலுமினியத்துக்கு சுத்தமான ஆர்கான் மட்டும் தான், வேற பேச்சே இல்ல.

சோடா கடைக்குப் போற கேஸும் சிஓடூ தானே, அதையே போடலாமான்னு கேப்பாங்க. குடிக்கிறதுக்கு அது சுத்தமா இருக்கலாம், ஆனா நமக்கு முக்கியம் ஈரம் இல்லாம இருக்குறது, ஈரம் இருந்தா பீடுல, அதாவது பத்த வச்ச கோட்டுல, ஊசி ஓட்டை விழும். வெல்டிங் கிரேடுன்னு கேட்டே வாங்குங்க. சிலிண்டர் கலரை நம்பாதீங்க, லேபிளைப் படிங்க, டெஸ்ட் தேதி தாண்டலையான்னும் பாருங்க.

சிலிண்டருக்குள்ள சிஓடூ திரவமா தான் இருக்கும், அதனால பிரஷர் மீட்டர் முள்ளு கடைசி வரைக்கும் அப்படியே நிக்கும், திரவம் தீர்ந்ததும் மடமடன்னு இறங்கிரும். எவ்வளவு மிச்சம்னு தெரியணும்னா எடை போடுங்க, காலி எடை சிலிண்டர் மேலயே குத்தியிருக்கும். ஆர்கான் அப்படி இல்ல, முள்ளு இறங்க இறங்க கேஸும் குறையுதுன்னு அர்த்தம். இன்னொன்னு, 31 டிகிரி தாண்டுனா சிஓடூ திரவமாவே நிக்காது, பிரஷர் ஏறிக்கிட்டே போகும், நம்ம ஊர் கத்திரி வெயில்ல சிலிண்டரை மொட்டை மாடியில விட்டுட்டு வந்துராதீங்க. நிழல்ல நிமிர்த்தி வச்சு செயின் போட்டுக் கட்டுங்க, படுக்க வச்சா திரவமே சிலிண்டர் வாயில மாட்டுற ரெகுலேட்டருக்கு வந்துரும். ரொம்ப நேரம் தொடர்ந்து ஓட்டுனா சிஓடூ ரெகுலேட்டர் உறைஞ்சு போகும், அப்ப ஹீட்டர் மாட்டணும்.

இவ்வளவு சொன்னாலும் வீட்ல வேலையைக் கெடுக்குறது பெரும்பாலும் காத்து தான். திருமங்கலத்துல ஒரு ஆடி மாசம் வீட்டு வாசல்ல வச்சு கேட்டுக்கு ஃபிரேம் பத்த வச்சேன், பீடு பூரா தேன்கூடு மாதிரி ஓட்டை, கேஸ் தான் மட்டம்னு நினைச்சு கேஸ் வர்ற ஃப்ளோவை நிமிஷத்துக்கு 10 லிட்டர்ல இருந்து 25க்கு ஏத்துனேன், இன்னும் மோசமாச்சு. அளவுக்கு மேல கேஸ் வேகமா வந்தா அதுவே சுழண்டு வெளிக்காத்தை உள்ள இழுத்துரும்னு அப்புறம் தான் புரிஞ்சுச்சு. அன்னைக்கு மூணு பக்கமும் தகரம் மறைச்சு, ஃப்ளோவை 12ல வச்சு, அதே சிலிண்டர்லயே மிச்சத்தை முடிச்சேன், ஒரு ஓட்டை இல்ல. அம்மியே பறக்குற மாசத்துல கேஸ் எங்க நிக்கும். 0.8 எம்எம் வயருக்கு நிமிஷத்துக்கு 8ல இருந்து 12 லிட்டர் தாராளம். தோட்டத்துல திறந்த வெளியில தான் வேலைன்னா கேஸே வேணாம், உள்ள மருந்து அடைச்ச கேஸ்லெஸ் ஃப்ளக்ஸ் வயர் போடுங்க, ஆனா பொலாரிட்டியை, அதாவது பிளஸ் மைனஸ் கனெக்ஷனை, மாத்தணும், டார்ச் நெகட்டிவ்ல வரணும்.

காத்துக்குப் பயந்து ரூமைச் சாத்திக்கிட்டும் பத்த வைக்காதீங்க. ஆர்கானும் சிஓடூவும் காத்தை விட கனம், தரையில தங்கி மூச்சுக்குக் காத்து இல்லாமப் பண்ணிரும், ஆர்க் சூட்டுல சிஓடூ உடைஞ்சு கார்பன் மோனாக்சைடும் வரும், அது வாடையே அடிக்காது. காத்து டார்ச் மேல நேரா அடிக்காம, ஆனா ரூமுக்குள்ள வந்து போற மாதிரி கதவு ஜன்னலைத் திறந்து வைங்க. வேலை முடிஞ்சதும் ரெகுலேட்டரை மட்டும் மூடிட்டுப் போகாம சிலிண்டர் வால்வையே மூடுங்க, புது சிலிண்டர் மாட்டுற அன்னைக்கு சோப்புத் தண்ணி தடவி ஜாயிண்ட்ல நுரை கிளம்புதான்னு ஒருக்கா பாத்துருங்க.