கான்கிரீட் மீன் தொட்டி: ஒழுகிய பிறகு கற்றுக்கொண்டது

பெரிய தொட்டி வேண்டும், ஆனால் முன்பக்கம் வழியாக மட்டும் பார்த்தால் போதும் என்றால் முழுக் கண்ணாடித் தொட்டியை விடக் கான்கிரீட்தான் சரி. நான் கட்டினேன். நீர் விட்ட மூன்றாம் நாள் ஒழுகியது. கண்ணாடியைப் பிரித்தெடுத்து மறுபடி ஒட்டினேன். இப்போது சொட்டுக்கூட வருவதில்லை. அந்த இரண்டாவது முறையில் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சென்ட்ரிங் அடிப்பது, கம்பி கட்டுவது எல்லாம் கொத்தனாருக்குத் தெரியும், அதற்குள் நான் போகப்போவதில்லை.

1. எடைக் கணக்கு

என் தொட்டியின் உள்ளளவு: நீளம் 240 செ.மீ., அகலம் 90, உயரம் 105. நீர்மட்டம் 90 செ.மீ. அப்படியென்றால் 1,944 லிட்டர், கிட்டத்தட்ட 2 டன். சுவரும் தரையும் 15 செ.மீ. கனம், கான்கிரீட் மட்டும் சுமார் 3.4 டன். கல், மணல் போடுவதற்கு முன்பே 5 டன் தாண்டிவிட்டது. இவ்வளவும் மூன்றேகால் சதுர மீட்டரில் உட்காருகிறது, அதாவது சதுர மீட்டருக்கு 1,600 கிலோவுக்கு மேல். வீட்டு அறைத் தளங்களை வழக்கமாக 200 கிலோ அளவுக்குத்தான் கணக்குப் போடுவார்கள். அதனால் தரைத்தளம், அதுவும் நன்றாக இடித்து இறுக்கிய மண்மேல் தனி அடித்தளம். மாடியில் கட்ட ஆசை இருந்தால், இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு கட்டமைப்புப் பொறியாளரிடம் போங்கள். கொத்தனார் "ஒன்றும் ஆகாது" என்றால் நம்ப வேண்டாம்.

அழுத்தத்துக்கும் நீளத்துக்கும் சம்பந்தம் இல்லை, ஆழம்தான் கணக்கு. ஆழம் இரண்டு மடங்கானால் சுவர்மேல் விழும் மொத்த விசை நான்கு மடங்காகிறது. முன்சுவரில் என் கண்ணாடித் திறப்பு 200 × 75 செ.மீ. நீர் அதன் மேல்விளிம்பு வரை நிற்கும்போது கண்ணாடியைத் தள்ளும் விசை சுமார் 560 கிலோ. எட்டுப் பேர் இரவும் பகலும் அதன்மேல் சாய்ந்து நிற்பது போல.

2. குழாய்களை முதலில் யோசியுங்கள்

அடி வடிகால், மேல்வழிவு, பம்புக்குப் போகிற வழி, திரும்பி வருகிற வழி. நான்கும் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே அவற்றின் இடத்தில் இருக்க வேண்டும். சுவருக்குள் வரும் இடத்தில் குழாயைச் சுற்றி ஒரு தட்டு இருக்கிற படில் பிளேன்ஜ் போடுங்கள். வழவழப்பான பிவிசி குழாய் கான்கிரீட்டோடு ஒட்டாது, அதன் உடம்பை ஒட்டியே நீர் நடந்து வெளியே வந்துவிடும். பிறகு துளை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் துளையோடு கம்பியையும் அறுக்க வேண்டியிருக்கும்.

3. கான்கிரீட்

எம் 30 (வலுவைக் குறிக்கும் தரம்) கலவை. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு நீர் 22 லிட்டரைத் தாண்டக் கூடாது, மணலில் இருக்கும் ஈரமும் இதில் சேர்த்தி. கொத்தனாருக்கு இது பிடிக்காது. இளக்கமாக இருந்தால் வேலை சுலபம் என்பார். இளக்கம் வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் கலக்கலாம், வாளி நீர் வேண்டாம். கூடுதல் நீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை.

தரையைக் கொட்டும்போதே சுவரின் அடியில் 10 செ.மீ. உயரத்துக்குச் சேர்த்துக் கொட்டிவிடுங்கள். இணைப்பு மூலையில் வராமல் கொஞ்சம் மேலே வரும். அங்கே இணைப்பு வழியே நீர் கசியாமல் தடுக்கும் பிவிசி வாட்டர்ஸ்டாப் பட்டையைப் பாதி உள்ளே பாதி வெளியே வைத்தால் மறுநாள் கொட்டும் சுவர் அதைக் கவ்விக்கொள்ளும். கண்ணாடித் திறப்பின் நான்கு மூலைகளிலும் குறுக்குச் சாய்வாக இரண்டிரண்டு கம்பி கூடுதலாகக் கட்டச் சொல்லுங்கள். விரிசல் எப்போதும் மூலையிலிருந்து சாய்வாகத்தான் கிளம்பும்.

திறப்புக்காக வைக்கும் பெட்டியின் அடிப்பலகைக்குக் கீழே காற்று சிக்கித் தேன்கூடு போல ஓட்டைகள் விழும். அந்தப் பலகையில் இரண்டு துளை போட்டு, கான்கிரீட் அதன் வழியாக மேலே எட்டிப் பார்க்கும் வரை வைப்ரேட்டர் கொடுங்கள். பதினான்கு நாள் ஈரச் சாக்கு. அப்புறம் காயவிடுங்கள்.

4. கண்ணாடி உட்காரும் காடி

கண்ணாடி உள்ளிருந்து உட்கார வேண்டும், வெளியிலிருந்து அல்ல. நீர் அதைச் சுவரோடு சேர்த்து அழுத்த வேண்டும். அதற்காகத் திறப்பைச் சுற்றி உட்பக்கம் 5 செ.மீ. அகலத்துக்கு ஒரு காடி, அதாவது கண்ணாடி பொருந்தி உட்காரும் படி போன்ற பள்ளம். என் கண்ணாடி இரண்டு 12 மி.மீ. தகடுகளை நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட், 209 × 84 செ.மீ., எடை 105 கிலோ. டஃபன்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடி எனக்குப் பிடிக்காது. அது உடைந்தால் ஒரே நொடியில் மொத்தமும் தூளாகும், 2 டன் நீரும் அறைக்குள். லேமினேட்டட்டில் ஒரு தகடு விரிசல் விட்டாலும் இன்னொன்று தாங்கி நிற்க, நீரை இறைக்க நேரம் கிடைக்கும். அக்ரிலிக்? அழகுதான். கீறல் விழும், மெல்ல வளையும். ஜப்பானின் ஒக்கினாவா சுராவுமி மீன் காட்சியகத்தில் 60 செ.மீ. கனத்தில் அக்ரிலிக் வைத்திருக்கிறார்கள், அது வேறு கதை.

5. நான் மாட்டிக்கொண்ட இடம்

முதல் முறை காடியைச் சிமெண்ட் பூசி மழமழவென்று தேய்த்தேன், கடையில் மீன் தொட்டிக்கென்றே விற்கும் சிலிகானை வைத்துக் கண்ணாடியை ஒட்டினேன். மூன்றாம் நாள் காலை இடது கீழ்மூலையில் கடுகளவு ஒரு துளி. துடைத்தேன், அரை மணியில் மறுபடி. கண்ணாடியை எடுத்தபோது கத்தியே தேவைப்படவில்லை. சிலிகான் ரிப்பன் போல ஒரே நீளமாக உரிந்து வந்தது. கண்ணாடிப் பக்கம் பிடித்த பிடி விடவில்லை. சிமெண்ட் பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி, விரலில் திருநீறு போல ஒட்டியது.

காரணம் இதுதான். புளித்த வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. சிமெண்டில் சுண்ணாம்பு இருக்கிறது. அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து நடுவில் ஒரு பொடி அடுக்கு உண்டாகிறது, சிலிகான் அந்தப் பொடியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியோடு கண்ணாடி ஒட்ட அது அருமையான சிலிகான்தான். சிமெண்டுக்கு ஆகாது. லேமினேட்டட் கண்ணாடியின் நடுப்படலத்தையும் அந்த அமிலம் ஓரத்திலிருந்து வெளுக்க வைக்கும்.

இரண்டாவது முறை செய்தது: பழைய பூச்சைக் கிரைண்டரால் கான்கிரீட் தெரியும் வரை தேய்த்தேன். 45 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் அடியில் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். எனக்கு மூன்றாவது தடவைதான் வியர்க்காமல் இருந்தது. பிறகு குடிநீர்த் தொட்டிக்கு ஏற்ற, கரைப்பான் இல்லாத எபாக்சியை (பிசின் பூச்சு) காடி உட்படத் தொட்டி முழுவதும் இரண்டு கோட். காடி நேர்மட்டமா என்று நீளமான அலுமினியச் சட்டம் வைத்துப் பார்த்தேன், 2 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்த இடத்தை எபாக்சி மக்கால் நிரப்பினேன். காய்ந்த எபாக்சிமேல் சில சமயம் மெழுகு போல ஒரு படலம் பூக்கும். அதை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, காடியை மட்டும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் துடைத்தேன்.

சிலிகான் நியூட்ரல் வகை, அதாவது அமிலம் விடாதது, பூஞ்சைத் தடுப்பான் கலக்காதது. 8 மி.மீ. கனத்துக்கு ஒரு டஜன் ட்யூப் பிடித்தது. கையால் அழுத்தும் கன் வேண்டாம், ஐந்தாவது ட்யூபில் கை விட்டுவிடும், அதற்குள் முதலில் போட்டதன்மேல் தோல் கட்டிவிடும். பேட்டரி கன் வாடகைக்கு எடுங்கள். 8 மி.மீ. ரப்பர் துண்டுகளை இடையிடையே வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி சிலிகானைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும். நான்கு பேர், உறிஞ்சு கைப்பிடிகள், உட்கார்ந்ததும் குறுக்கே மரச்சட்டங்களால் முட்டுக்கொடுத்து இறுக்கல்.

பின்னர் சேர்த்தது: இந்த முறையில் கட்டிய ஒருவர், பக்கச் சுவர்கள் விரியாமல் இருக்க மேலே நடுவில் ஒரு குறுக்குச் சட்டத்தையும் சேர்த்துக் கொட்டியிருக்கிறார். நல்ல யோசனைதான், ஆனால் கண்ணாடி உள்ளே இறங்க வழியில்லை. குறுக்குச் சட்டம் வேண்டுமென்றால் கண்ணாடி உட்கார்ந்த பிறகு போல்ட்டில் பூட்டுங்கள்.

6. காத்திருப்பு

நியூட்ரல் சிலிகான் காற்றின் ஈரத்தால்தான் காய்கிறது. 5 செ.மீ. அகலப் பட்டை, இரண்டு ஓரமும் தவிர மற்ற பக்கமெல்லாம் மூடியிருக்கிறது. முதலில் நாளுக்கு 2 மி.மீ. போல காயும், உள்ளே போகப் போக மெதுவாகும். இதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: ஒட்டிய அதே நாளில் அதே சிலிகானை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் 8 மி.மீ. கனம், 5 செ.மீ. அகலத்தில் வைத்து ஓரமாக எடுத்து வையுங்கள். பதினைந்தாம் நாள் நான் பிரித்துப் பார்த்தபோது ஓரம் ரப்பராக இருந்தது, நடுவில் இன்னும் பற்பசை. இப்படி ஒன்றுக்கு மூன்று மாதிரி செய்து வைப்பது நல்லது, நான் செய்ததால் மறுபடி பார்க்க முடிந்தது. மூன்றாவது மாதிரி நடுவரை ரப்பராக இருந்த பிறகுதான் நீர் விட்டேன்.

மூன்றில் ஒரு பங்கு, ஒரு நாள் நிறுத்தம். மூன்றில் இரண்டு, இன்னொரு நாள். பிறகு முழுசாக. மட்டம் இறங்கினால் பயப்பட வேண்டாம்: அதே நீரை ஒரு வாளியில் எடுத்துத் தொட்டிக்குள்ளேயே நிறுத்தி, இரண்டிலும் கோடு போடுங்கள். ஒரு நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவியானது. தொட்டி மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் முதலில் குழாய் இணைப்புகளைப் பாருங்கள், பிறகு காடியின் கீழ்மூலைகளை.

எபாக்சி இல்லாமல் வெறும் கான்கிரீட்டில் மீன் விட நினைப்பவர்களுக்கு: புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். 12க்கு மேல். நிரப்பி, சில நாள் விட்டு, இறைத்து, மறுபடி நிரப்பி, பி.எச். ஏறாமல் நிற்கும் வரை இதைச் செய்ய வேண்டும். எபாக்சி போட்டவர்களுக்கும் அவசரம் கூடாது, வடிகட்டியில் மீன் கழிவின் நஞ்சை மாற்றும் பாக்டீரியா பிடிக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டிய பிறகு முதல் மீன்களை விடுங்கள், ஐந்தாறு போதும்.