எல்100 கிளாசிக்: தரையில் அப்படியே வைக்காதீர்கள்

ஜேபிஎல் எல்100 கிளாசிக் ஸ்பீக்கருக்கு 1970-களின் முகம். உள்ளே பாஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கு 12 அங்குல வூஃபர், கூர்மையான உயர் ஒலிக்கு 1 அங்குல டைட்டானியம் ட்வீட்டர். வெறும் தரையில் வைத்தால் ட்வீட்டர் காதுக்கு வெகு கீழே நிற்கும். குரல் மங்கும், பாஸ் குமுறும். பின்னால் சாய்ந்த தாழ்வான ஸ்டாண்ட் அவசியம். ஒரு பெட்டியே 26 கிலோவுக்கு மேல், தூக்க இருவர் வேண்டும்.

சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி வையுங்கள். குமுறல் அடங்காவிட்டால் பத்துப் பத்து செ.மீ.யாக முன்னே இழுங்கள்.

ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அதன் 4 ஓம் மின்தடையைத் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறி அணைந்துவிடும். ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு, கருப்பு ஒயர் இடம் மாறினால் இரு பெட்டிகளின் வூஃபர் கோன்களும் (அதிரும் கூம்புகள்) எதிரெதிராக அசைந்து பாஸ் காணாமல் போகும்.

கட்டம் கட்டமான ஃபோமைக் கழற்றினால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு குமிழ்கள் தெரியும். அவற்றைக் கடைசியில்தான் தொட வேண்டும்: பாட்டில் ‘ஸ்’ ஒலி காதைக் கூசினால் ட்வீட்டர் குமிழைத் துளி குறையுங்கள்.