லோ சுகர்: குளுக்கோஸ் குடிச்சாச்சு, சாவியை எடுக்கலாமா?

போன வாரம் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் ஒரு டிரைவர் தம்பி, கை நடுங்குகிறது என்று ஒரு பாட்டில் ஜூஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பத்தே நிமிடத்தில் "சரியாயிடுச்சுண்ணா" என்று சாவியை எடுத்தார். எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை, 9 வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் அதையே செய்த என் மேல்தான்.

சுகர் மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

சரியாகிவிட்டது என்று கிளம்புவது

நான் சாப்பிடுவது கிளிமிபிரைடு. கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கிற ரகம், வயிற்றில் சோறு இருக்கிறதா என்று அது பார்க்காது. (மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சுகர் மாத்திரையை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அபூர்வம்.) அன்று காலை 6 மணிக்கு மாத்திரை போட்டாச்சு, ஏலம் இழுத்துக்கொண்டே போனதில் டிபன் இல்லை. எட்டரை மணிக்குத் தார்ப்பாய்க் கயிற்றில் முடிச்சுப் போடுகிறேன், விரல் கேட்கவில்லை, சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. தண்ணீரில் மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் கலக்கிக் குடித்தேன். கால் மணி நேரத்தில் ஆள் தெளிவு. சேலத்தில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்தேன்.

குளுக்கோஸ் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். மாத்திரை நாள் முழுக்க வேலை செய்யும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் சுகர் மறுபடி இறங்கியபோது நடுக்கமும் இல்லை, படபடப்பும் இல்லை. ஒருமுறை இறங்கிய உடம்பு அடுத்த முறை சரியாக எச்சரிக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. முன்னால் போன டேங்கரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்த மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கத்தியதால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரங்கட்டி சுகர் மிஷினில் பார்த்தால் 48. எழுபதுக்குக் கீழே போனாலே லோ.

ஆகவே: 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட், இன்னும் எழுபதுக்குக் கீழே என்றால் இன்னொரு 15 கிராம். ஏறியதும் களியோ இட்லியோ வயிறாரச் சாப்பாடு. அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரமாவது ஸ்டியரிங் பக்கம் போகாதீர்கள். தக்காளி விலை இறங்கினால் இறங்கட்டும்.

சாக்லேட்

வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற விடும்.

வோக்லிபோஸ் இருப்பதைக் கவனிக்காமல் சீனியை வாயில் போடுவது

மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். வோக்லிபோஸ் என்று இருந்தால் டீக்கடைச் சீனி சீக்கிரம் ஏறாது, ஏனென்றால் சீனி குடலில் உடைவதைத் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலை. வெறும் குளுக்கோஸ் பொடிதான் கைகொடுக்கும். மெடிக்கலில் வாங்கி வண்டி டேஷ்போர்டில் ஒரு பாக்கெட், வீட்டில் ஒரு பாக்கெட்.

புரட்டாசி சனி விரதம்

டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு மாத்திரை அளவை மாற்றிக்கொண்ட பிறகு விரதம் இருங்கள். கேட்காமல் என்றால், இருக்காதீர்கள்.

மயங்கியவர் வாயில் ஊற்றுவது

ஊற்றாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையையும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டுபோங்கள். குளுக்கோஸ் ஏற்றிக் கண் திறந்ததும் "வீட்டுக்குப் போலாம்" என்று அவரே அடம்பிடிப்பார். கிளிமிபிரைடு ஆசாமி என்றால், முக்கியமாக வயதானவர், கிட்னி பழுதானவர் என்றால், டாக்டர் ராத்திரி இருக்கச் சொன்னால் இருந்துவிட்டே வாருங்கள்.