முடிவெடுத்த பிறகு தேடுகிற நியாயம்: வேலையிடத்து அறத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்25 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட் போடுகிற ஒரு சைட். கொட்டுகிற கான்கிரீட்டிலிருந்தே கொஞ்சம் எடுத்து 150 மில்லிமீட்டர் அச்சில் கியூப் போட வேண்டும். அதை 28 நாள் தண்ணீரில் வைத்து, மெஷினில் நசுக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் சில சைட்டுகளில் கியூபுக்கு மட்டும் தனியாக, சிமென்ட்டைக் கூட்டி ஒரு கலவை போடுவார்கள். ரிப்போர்ட் அழகாக வந்துவிடும். புதிதாகச் சேர்ந்த சைட் இன்ஜினியர் கையெழுத்துப் போடத் தயங்கினால் சீனியர் சொல்வார்: "தம்பி, எல்லா சைட்லயும் இப்படித்தான். ஸ்லாப் என்ன நாளைக்கே இடிஞ்சா விழப்போகுது? போடுப்பா."

அந்த சீனியர் அறவியல் எதையும் படித்திருக்க மாட்டார். ஆனாலும் அவர் பேசியது விளைவை வைத்து நல்லது கெட்டது பார்க்கிற வாதம்தான். கெடுதல் வராது, அதனால் தப்பில்லை. பெந்தாம், மில் என்ற தத்துவ அறிஞர்கள் வளர்த்த பயன்வாதத்தின் தேய்ந்துபோன வடிவம் அது. 'இந்த கியூப் அந்த ஸ்லாப்போட கான்கிரீட்டே இல்லையே, எப்படிக் கையெழுத்துப் போடுவது' என்ற இளைஞரின் உறுத்தல், விளைவைப் பார்க்காமல் செயலே சரியா என்று கேட்கிற, தத்துவ அறிஞர் கான்ட்டின் கடமைவாதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. 'இப்படியே போட்டுப் போட்டு நான் எப்படிப்பட்ட இன்ஜினியர் ஆகப்போகிறேன்' என்று அவர் யோசித்தால், அது அரிஸ்டாட்டில் கேட்ட கேள்வி.

பொறியியல் கல்லூரிகளில் இந்த மூன்றையும் பாடமாகவே படிக்கிறோம், பக்கம் பக்கமாக எழுதி மார்க்கும் வாங்குகிறோம். அப்புறம் ஏன் கையெழுத்து விழுகிறது? கோட்பாடு தெரியாததால் இல்லை. அதை எப்போது கையில் எடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு. முடிவுக்கு முன்னால் கேள்வியாக வர வேண்டியது, முடிவுக்குப் பின்னால் சமாதானமாக வருகிறது. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதன் கிளைகள்.

வசதிக்கு ஒரு கோட்பாடு

லாபம் வருகிற இடத்தில் 'எல்லாருக்கும் நல்லதுதானே' என்போம். பொறுப்பு வருகிற இடத்தில் 'மேலிடம் சொன்னதைச் செய்வது என் கடமை' என்போம். காலையில் மில், சாயங்காலம் கான்ட். இரண்டு பேரும் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்கள். கான்ட் சொன்ன கடமை மேலதிகாரிக்குக் கீழ்ப்படிகிற கடமையே அல்ல. நீ பின்பற்றும் விதியை எல்லாரும் பின்பற்றலாம் என்று நீயே விரும்ப முடியுமா என்று உன் புத்தியாலேயே சோதித்துப் பார் என்றவர் அவர். 1961-இல் ஜெருசலேம் நீதிமன்றத்தில் யூதப் படுகொலைக்காக விசாரிக்கப்பட்ட நாஜி அதிகாரி ஐக்மன், தான் கான்ட்டின் அறநெறிப்படி வாழ முயன்றதாகவே சொன்னார். 'கடமை' என்ற பேரில் எதையெல்லாம் உள்ளே கொண்டுவர முடியும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் ஆபீஸ்களில் இந்த வேலைக்கு வள்ளுவரையும் இழுப்பார்கள். 'பொய்மையும் வாய்மை யிடத்த' என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். குற்றமற்ற நன்மை விளையுமானால் மட்டுமே என்று குறள் வைக்கிற நிபந்தனை அதற்குப் பிறகுதான் வருகிறது. கஸ்டமரிடம் டெலிவரி தேதியை மாற்றிச் சொல்வதும் டெஸ்ட் ரிப்போர்ட்டைத் திருத்துவதும் அதற்குள் அடங்காது.

நீங்கள் நம்புகிற கோட்பாடு, நீங்கள் செய்ய விரும்பாத ஒன்றைச் செய்யச் சொல்லி எப்போதாவது உங்களைச் சங்கடப்படுத்தியிருக்கிறதா? ஒருமுறைகூட இல்லையென்றால், அதை நீங்கள் இன்னும் பயன்படுத்தவே இல்லை.

கணக்கில் யார் இருக்கிறார்கள்

ஃபோர்டு பின்டோ காரின் கதையைப் பலரும் கேட்டிருப்போம். பின்னால் மோதினால் தீப்பிடிக்கக்கூடிய பெட்ரோல் டேங்கைச் சரிசெய்ய காருக்கு 11 டாலர் ஆகும், செத்தவர்களுக்கு நஷ்டஈடு கொடுப்பது அதைவிட மலிவு என்று கம்பெனி கணக்குப் போட்டதாகச் சொல்லப்படும் கதை. 1977-இல் ஒரு பத்திரிகை அந்த ஆவணத்தை வெளியிட்டது. அதன் எண்கள் உண்மை: 1.25 கோடி வண்டிகளுக்கு 11 டாலர் வீதம் 13.7 கோடி டாலர் செலவு. மறுபக்கம் 180 சாவு, 180 தீக்காயம், எரிந்துபோகும் 2,100 வண்டிகள் சேர்த்து 4.95 கோடி டாலர். ஒரு உயிருக்குப் போட்ட மதிப்பு 2 லட்சம் டாலர்.

ஆனால் 1973-இல் தயாரான அந்த ஆவணம் பின்டோவைப் பற்றியதே அல்ல. அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் சிறு டிரக்குகளுக்குமாக, வண்டி உருண்டு கவிழும்போது எரிபொருள் கசிவது பற்றிய ஒரு விதியை எதிர்த்து, சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் கொடுக்கப்பட்டது. 2 லட்சம் டாலர் என்ற எண்ணும் அந்த அரசு அமைப்பே பயன்படுத்தியதுதான். அறத்தைக் கற்றுக்கொடுக்கும் வகுப்பிலேயே உண்மை இப்படிச் சுருங்கிப் போகிறது என்பது எனக்கு உறுத்துகிறது. விவரம் தப்பாக இருந்தால், அதன் மேல் எந்தக் கோட்பாட்டை வைத்தாலும் தீர்ப்பு கோணலாகத்தான் வரும்.

இதைப் படித்துவிட்டு 'பார்த்தீர்களா, பயன்வாதம் என்றாலே மனிதாபிமானம் இல்லாதது' என்று முடித்துவிடுவது அடுத்த தவறு. கம்பெனியின் லாப நஷ்டத்தைப் பார்ப்பது பயன்வாதம் அல்ல. ஒவ்வொருவரையும் ஒருவராக எண்ண வேண்டும், யாரையும் ஒருவருக்கு மேல் எண்ணக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. காருக்குள் உட்கார்ந்திருப்பவர், எதிரே வருகிறவர், பின் சீட்டுக் குழந்தை எல்லாரும் கணக்கில் வர வேண்டும். ஆபீஸ் மீட்டிங்கில் 'கூட்டிக் கழித்துப் பார்த்தால் இதுதான் நல்லது' என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது: கூட்டியது யாரையெல்லாம்?

கேள்வியைத் திருப்பிப் போடுவது

1986 ஜனவரி 27, இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் விண்வெளி ஓடத்தை ஏவ வேண்டும். பூஸ்டர் ராக்கெட்டைச் செய்துகொடுத்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் இன்ஜினியர்கள் யூட்டாவிலிருந்து தொலைபேசிக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ராக்கெட்டின் துண்டுகள் சேருமிடத்தை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போகும், 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. அவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஸ்ஜாலி, இது உயிர்ச்சேதத்தில் முடியலாம் என்று ஆறு மாதத்துக்கு முன்பே எழுத்தில் எச்சரித்திருந்தார். அன்றிரவோ உறைநிலைக்குக் கீழே போகிற குளிர்.

நாசா தரப்பு கோபப்பட்டது. "பின்னே எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா?" என்று கேட்டார் லாரி முல்லாய். தயோக்கால் ஐந்து நிமிடம் கேட்டுத் தொலைபேசியைத் துண்டித்துவிட்டுத் தனியே பேசியது. அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரமானது. இன்ஜினியர் ஆர்னி தாம்சன் எழுந்து போய், மேலாளர்கள் முன்னால் காகிதத்தை வைத்து ராக்கெட் துண்டுகள் சேருமிடத்தை வரைந்து காட்டினார். பாய்ஸ்ஜாலி முந்தைய ஏவுதல்களில் சூடான வாயு வளையங்களைத் தாண்டிக் கசிந்ததைக் காட்டும் புகைப்படங்களை மேஜையில் வைத்தார். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் இருவரும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இன்ஜினியரிங் பிரிவின் தலைவரான பாப் லண்டிடம் தயோக்காலின் மூத்த மேலாளர் ஜெர்ரி மேசன், இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான்கு மேலாளர்கள் மட்டும் முடிவெடுத்தார்கள். சம்மதம் போனது. மறுநாள் காலை, சுமார் 2 டிகிரி குளிரில் கிளம்பிய சேலஞ்சர் 73-வது வினாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

தொப்பி விஷயத்தை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அன்றிரவு கேள்வி திரும்பிய விதம். வழக்கமாக 'பாதுகாப்பானது என்று நிரூபி, அப்புறம் ஏவலாம்' என்பதுதான் முறை. அன்று 'ஆபத்து என்று நிரூபி, இல்லையென்றால் ஏவுவோம்' என்றானது. இதை யாரும் தீர்மானம் போட்டு மாற்றவில்லை. பேச்சுவாக்கில் மாறிப்போனது. கேள்வி மாறிய பிறகு இன்ஜினியர்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தும் பயனில்லாமல் போனது. மருந்து, பாலம், மென்பொருள், வங்கிக் கடன் என்று எந்த வேலையானாலும், நிரூபிக்கிற சுமை யார் தலையில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஆபத்தைச் சுமக்கப்போகிறவர்கள் அந்த அறையில் இல்லாதபோது, சுமை எப்போதும் 'செய்யலாம்' என்கிறவர் தலையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. வெப்பநிலைக்கும் வளையம் கெட்டுப்போனதற்கும் உள்ள தொடர்பு அன்று சரியாகத் தெரியாததற்குக் காரணம், பாதிப்பு ஏற்பட்ட ஏவுதல்களை மட்டுமே எடுத்துப் பார்த்தார்கள். எல்லா ஏவுதல்களையும் சேர்த்தால் படம் தெளிவாக இருந்தது: சுமார் 18 டிகிரிக்குக் கீழே நடந்த நான்கிலும் பாதிப்பு, அதற்கு மேலே நடந்த இருபதில் மூன்றில் மட்டும். கையில் இருக்கிற தகவலை முழுதாக விரித்துப் பார்ப்பதும் அறத்தில் சேர்ந்ததுதான்.

இந்த ஒரு தடவை மட்டும்

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. உண்மையான லாபத்துக்கும் காட்டிய லாபத்துக்கும் நடுவே முதலில் சின்ன இடைவெளிதான் இருந்தது, வருஷம் போகப் போகக் கைமீறிப் போனது என்றும், இரையாகாமல் இறங்க வழி தெரியாமல் புலிமேல் சவாரி செய்தது போலிருந்தது என்றும் அதில் எழுதியிருந்தார்.

எந்தக் கோட்பாட்டை வைத்துக் கேட்டாலும் 5,040 கோடி பொய்க்கு யாரும் சரி சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி ஒருநாளும் அந்த உருவத்தில் வராது. 'இந்தக் காலாண்டு கொஞ்சம் கூட்டிக் காட்டினால் அடுத்த காலாண்டில் சரிசெய்துவிடலாம்' என்ற உருவத்தில்தான் வரும். ஒவ்வொரு அடியும் போன அடியோடு ஒப்பிடப்படுவதால் சிறியதாகவே தெரியும். விதியோடு ஒப்பிட்டால்தான் தூரம் தெரியும்.

தணிக்கையாளர்களின் தவறு வேறு மாதிரி. வங்கி இருப்பை வங்கியிடமிருந்து நேரடியாக உறுதிசெய்துகொள்வது தணிக்கையின் அரிச்சுவடி. அந்த வேலையைச் சத்யம் நிர்வாகத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்று 2011-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு கண்டறிந்தது. இங்கே சிக்கலான அறக்கேள்வி எதுவும் இல்லை. சலிப்பூட்டுகிற ஒரு நடைமுறையை முழுசாகச் செய்வதுதான் அந்த இடத்தில் அறம்.

இரண்டே வழி என்று நினைப்பது

'பேசினால் வேலை போகும், பேசாவிட்டால் மனசாட்சி போகும்.' இப்படி நறுக்கென்று இரண்டாகப் பிரித்துவிட்டால் பெரும்பாலோர் பேசாமல் இருந்துவிடுவார்கள். 1978-இல் வில்லியம் லெமெஷூரியர், தான் கட்டமைப்பு வடிவமைத்த நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம் மூலைவாக்கில் அடிக்கும் புயலைத் தாங்காமல் போகலாம் என்று கண்டுபிடித்தார். வெல்டிங் செய்ய வேண்டிய இணைப்புகள் போல்ட் போட்டு முடிக்கப்பட்டிருந்தன. மௌனமாக இருந்துவிடுவது, உயிரை விடுவது என்பதுவரை யோசித்ததாகப் பிற்பாடு அவரே சொன்னார். கடைசியில் உரிமையாளரிடமே போனார். பரிகாரத்தையும் கையோடு கொண்டுபோனார்: இணைப்புகளின் மேல் எஃகுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது. இரவோடு இரவாக அந்த வேலை நடந்தது.

அவரை முன்மாதிரியாக நிறுத்தும் பாடங்களில் ஒரு விஷயம் மெதுவாகக் கடந்துபோகும். சுற்றுவட்டாரத்தில் வசித்தவர்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. 1995-இல்தான் ஊருக்கே தெரிந்தது. முதல் முடிவு துணிச்சலானது என்பதற்காக இரண்டாவதையும் சேர்த்துப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. நல்லவர் எடுத்ததால் எல்லா முடிவும் நல்ல முடிவாகிவிடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

தனி ஆளாக மோதுவது

தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய இன்ஜினியர் சத்யேந்திர துபே, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று அதில் கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு பல கைகளுக்குப் போனது. 2003 நவம்பர் 27 அன்று பிகார் மாநிலம் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்த அல்ல. 'மனசாட்சிப்படி நட' என்று மட்டும் சொல்லி ஓர் இளைஞரை அனுப்பிவைப்பது பொறுப்பற்ற அறிவுரை. எப்படி நடப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆட்சேபத்தை வாயால் சொல்லி விட்டுவிடாமல் மின்னஞ்சலில், தேதியோடு, யார் மேலும் பழி போடாமல், அளவும் விவரமும் மட்டும் வைத்து எழுதுங்கள். அந்த கியூப் விஷயத்தில் 'நீங்கள் ஏமாற்றுகிறீர்கள்' என்பதைவிட, 'சார், இந்த கியூப் ஸ்லாப் கலவையிலிருந்து எடுக்கப்படவில்லை, அதனால் நான் கையெழுத்துப் போட முடியாது. ஸ்லாப்பைத் துளைத்துக் கோர் எடுத்துப் பார்த்துவிடலாமா?' என்ற வரி அதிக தூரம் போகும். கூட வேலை செய்யும் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுப்பதும் ஒரு வழிதான். சேலஞ்சர் விஷயத்தில் ஏவுதளத்தில் இருந்த தயோக்கால் அதிகாரி ஆலன் மெக்டொனால்ட் கையெழுத்துப் போட மறுத்தார், வேறொருவர்தான் போட்டார். பின்னால் அவர் பதவியிலிருந்து இறக்கப்பட்டபோது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்டார்கள். அந்த ராக்கெட்டைத் திருத்தி வடிவமைக்கும் பணிக்கு அவரே தலைமை தாங்கினார்.

மத்திய அரசுத் துறையிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ நடக்கும் ஊழலைச் சொல்ல வேண்டுமென்றால், துபேயின் கொலைக்குப் பிறகு 2004-இல் வந்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் செயலாளருக்கு ஒட்டிய உறையில் புகார் அனுப்ப வேண்டும். பொதுநலன் கருதிய தகவல் வெளிப்படுத்தலின் கீழ் வரும் புகார் என்று உறையின் மேல் குறிப்பிட வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும் உள்ளே இருக்கும் கடிதத்தில் மட்டும் இருக்க வேண்டும், உறையின் மேல் எழுதக் கூடாது. பெயரே இல்லாத மொட்டைக் கடிதத்தை இந்த ஏற்பாட்டில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.