பின்வளவில் ஒரு பசுமைக்குடில்: ரொறன்ரோக் குளிருக்கு எதைத் தெரிவது, எப்படிக் கட்டுவது

பின்வளவில் பசுமைக்குடில் அமைக்க எண்ணுபவர்கள் பெரும்பாலும் முதலில் கடைக்குப் போய் விலை பார்க்கிறார்கள். அதற்கு முன்னர் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஜனவரியில் வெளியே மைனஸ் 20 பாகை செல்சியஸுக்கு இறங்கும் ஓர் இரவில், குடிலுக்குள் எத்தனை பாகை இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? குடிலை மூடும் போர்வை கண்ணாடியா, பொலிகாபனேற் எனும் பிளாஸ்ரிக் தகடா, அத்திவாரம் எத்தகையது, ஹீற்றர் வேண்டுமா வேண்டாமா என்பவை எல்லாம் அந்த ஓர் எண்ணைப் பொறுத்தே அமையும். நான் அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே முதற்குடிலை வாங்கினேன். 4 மில்லிமீற்றர் தகடுகளைக் கொண்ட, நாமே பூட்டிக்கொள்ளும் அந்த மலிவான பொதி ஒரு மார்கழிக் காற்றில் கூரையின் பாதியைப் பக்கத்து வளவுக்குக் கொடுத்துவிட்டது.

கணக்கைப் போட்டுப் பார்ப்பது கடினமன்று. எட்டடி அகலமும் பன்னிரண்டடி நீளமும், அதாவது 2.4 மீற்றருக்கு 3.6 மீற்றர் அளவும் கொண்ட ஒரு குடிலின் சுவர்களும் கூரையும் சேர்ந்து ஏறக்குறைய 36 சதுர மீற்றர் வரும். 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரட்டைச் சுவர்ப் பொலிகாபனேற் தகட்டில், உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் சதுர மீற்றருக்குச் சுமார் 3 வாட் வெப்பம் வெளியேறுகிறது. இடுக்குகளால் கசியும் காற்றுக்கென ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால், முழுக் குடிலும் பாகைக்கு 130 வாட் இழக்கும். வெளியே மைனஸ் 20, உள்ளே 5 என்றால் 3,250 வாட் வேண்டும். உள்ளே 15 என்றால் 4,550 வாட். வீட்டின் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் செருகும் ஹீற்றர் பொதுவாக 1,500 வாட்டுக்கு மேல் தருவதில்லை என்பதால், இந்த இரண்டுக்குமே 240 வோல்ட் இணைப்புத் தனியாக இழுக்க வேண்டியிருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான 90 நாள்களின் சராசரியை மைனஸ் 3 எனக் கொண்டால், 5 பாகையில் வைத்திருக்க 2,250 கிலோவாட் மணி மின்சாரமும், 15 பாகையில் வைத்திருக்க 5,000 கிலோவாட் மணிக்கு மேலும் செலவாகும். பகல் வெயில் அதில் ஒரு பகுதியைக் குறைக்கும். மிகுதியை உங்கள் மின் கட்டணச் சீட்டில் உள்ள விலையால் பெருக்கிப் பார்த்த பின்னர் முடிவெடுங்கள்.

வெப்பத்தைக் காசு கொடுத்து வாங்கலாம் என்றாலும், வெளிச்சம் வேறு விடயம். ரொறன்ரோவில் டிசம்பர் 21 அன்று பகல் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து பெப்ரவரி தொடக்கம் வரை பகற்பொழுது பத்து மணி நேரத்தை எட்டுவதில்லை. அந்தக் காலத்தில் குளிரைத் தாங்கும் கீரைகள்கூட உயிரோடு இருக்குமே தவிரப் பெரிதாக வளர்வதில்லை. ஆகையால், கறிவேப்பிலைக்காகவே குடில் கட்டுகிறேன் என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது, அந்தச் சாடியை ஒக்டோபரில் வீட்டுக்குள், தெற்கு யன்னல் அருகே கொண்டுபோய் வைத்துவிடுங்கள் என்பதுதான். இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் அது இலையை உதிர்த்து உறங்கிவிடும். ஒரு செடிக்காக 5,000 கிலோவாட் மணி எரிப்பதில் நியாயம் இல்லை. சூடேற்றாத, அல்லது உறைநிலைக்குச் சற்று மேலே மட்டும் காக்கும் குடிலே இந்த ஊருக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. கீரை வகைகளை ஆண்டின் இறுதிவரை பறிப்பதற்கும், மார்ச் முடிவிலிருந்து நாற்றுகளை வெளிச்சத்தில் வளர்ப்பதற்கும் அது போதும். இனி வருவன எல்லாம் அத்தகைய குடிலை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன.

இடத்தைத் தெரிவதில்தான் பலர் தவறுகிறார்கள், ஏனெனில் அவர்கள் அதைக் கோடையில் தெரிகிறார்கள். டிசம்பர் 21 நண்பகலில் இங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் 23 பாகை உயரத்தில் மட்டுமே நிற்கிறது. அப்போது 1.8 மீற்றர் உயரமான வேலியின் நிழல் 4 மீற்றருக்கு மேல் நீளும். 7 மீற்றர் உயரமான இரண்டு மாடி வீட்டின் நிழல் 16 மீற்றரைத் தாண்டும். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபுறோவின் சிறிய வளவுகள் பலவற்றில், வீட்டின் வடக்குப் புறமாகப் பின்வளவு அமைந்திருந்தால், குளிர்காலம் முழுவதும் நிலத்தில் வெயில் படாத இடங்களே மிகுதி. ஒரு குளிர்காலம் பொறுத்திருந்து, டிசம்பர் நண்பகலில் வெயில் விழும் இடத்தில் நான்கு முளைகளை அடித்துக்கொள்வதே சிறந்த வழி. குடிலின் நீண்ட பக்கம் தெற்கைப் பார்க்குமாறு, அதாவது கூரையின் முகடு கிழக்கு மேற்காக ஓடுமாறு அமைக்க வேண்டும். வடக்குச் சுவரால் குளிர்காலத்தில் நேரடி வெயில் வருவதில்லை. ஆகவே அதைத் தகட்டால் மூடாமல், பலகை அடித்து உள்ளே 5 சென்ரிமீற்றர் நுரைப்பலகை வைத்து வெள்ளை பூசிவிட்டால், வெப்ப இழப்பும் குறையும், செடிகளுக்கு வெளிச்சமும் திருப்பி அனுப்பப்படும். வீட்டின் தெற்குச் செங்கற் சுவரோடு சாய்த்துக் கட்டும் குடில் வெப்பத்தைப் பொறுத்தவரை இன்னும் நல்லது, ஆனால் வீட்டுக் கூரையிலிருந்து சரியும் பனி அதன் மேல் விழாத இடமாக இருக்க வேண்டும்.

சட்ட விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்ராறியோவின் கட்டடச் சட்டத்தின்படி 10 சதுர மீற்றருக்கு மேற்பட்டதே பொதுவாகக் கட்டடமாகக் கொள்ளப்படுகிறது. மேலே சொன்ன எட்டுக்குப் பன்னிரண்டடிக் குடில் 8.64 சதுர மீற்றர்தான், ஆகவே அதற்குப் பொதுவாகக் கட்டட அனுமதி தேவைப்படாது. ஆயினும் நீர்க்குழாய் பொருத்தினால் நிலைமை மாறும். வேலியிலிருந்து விட வேண்டிய தூரம், உயரம் பற்றிய மாநகர விதிகள் சிறிய குடிலுக்கும் உண்டு. ஆகவே மாநகரசபையை ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். மண்வெட்டியை எடுப்பதற்குக் குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்னர் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்தால், நிலத்தடி எரிவாயு, மின் இணைப்புகளை இலவசமாக அடையாளமிட்டுத் தருவார்கள். இது விரும்பினால் செய்யலாம் என்ற வகையைச் சேர்ந்ததன்று. சட்டம் அதைக் கோருகிறது.

தெற்கு ஒன்ராறியோவில் நிலம் ஏறக்குறைய 1.2 மீற்றர் ஆழம் வரை உறையக்கூடும் என்று கொண்டே அத்திவாரம் இடுகிறார்கள். ஈரமான களிமண் உறையும்போது பொங்கி, மேலே உள்ளதைத் தூக்கும். ஒரு மூலை 2 சென்ரிமீற்றர் உயர்ந்தாலே கதவு பூட்டாது, தகடு வெடிக்கும். தூண்களை அந்த ஆழத்துக்கு இறக்குவது ஒரு வழி. சிறிய குடிலுக்கு அவ்வளவு தோண்டத் தேவையில்லை. புல்லையும் மேல்மண்ணையும் அகற்றி, 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு உடைத்த கல்லை நிரப்பி இறுக்கி, அதன் மேல் ஆறங்குலச் சதுர மரக்கட்டைகளால் ஒரு சட்டத்தை மட்டம் பார்த்து அமைத்தால், நீர் தங்காது. சட்டம் அசைந்தாலும் முழுவதும் ஒன்றாகவே அசையும். சட்டத்தின் நான்கு மூலைகளிலும், நீண்ட பக்கங்களின் நடுவிலும், நிலத்துக்குள் நங்கூரம் இட வேண்டும், ஏனெனில் காற்றுக்கு இந்தக் குடில் ஒரு கப்பற்பாய் போன்றது. அழுத்தமுறையில் மருந்தேற்றிய மரத்தை வாங்குங்கள். ஆனால் பின்வளவுகளில் உள்ள பழைய மர மேடைகளைக் கழற்றி எடுத்த மரத்தைத் தவிர்க்கவும். கனடாவில் 2003 ஆம் ஆண்டின் முடிவு வரை வீட்டுப் பாவனை மரங்களில் ஆர்செனிக் கலந்த மருந்து இருந்தது. இப்போதைய செப்பு மருந்து சாதாரண ஆணியை அரித்துவிடுவதால், அதற்கென நாகப்பூச்சு இட்ட திருகாணிகளே வேண்டும்.

அத்திவாரத்தோடு செய்ய வேண்டிய இன்னொரு வேலையைப் பெரும்பாலான கையேடுகள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன, எனக்கோ அதுதான் செலவிட்ட காசுக்கு மிகுந்த பலன் தந்தது. சட்டத்தின் வெளிப்புறத்தைச் சுற்றி 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒடுக்கமான அகழி வெட்டி, 5 சென்ரிமீற்றர் தடிப்பான நுரைப்பலகையைச் செங்குத்தாக இறக்கி மண்ணால் மூடிவிட்டால், பக்கவாட்டில் உறைந்துகொண்டு வரும் குளிர் குடிலின் மண்ணை எளிதில் எட்டாது. சூடேற்றாத குடிலில் செடியைக் காப்பது பெரும்பாலும் மண்ணில் எஞ்சியிருக்கும் வெப்பமே.

சட்டகத்தைத் தெரியும்போது பனியின் பாரத்தை நினைக்க வேண்டும். புதிதாக விழுந்த உலர்ந்த பனி இலேசானது. மழையோடு கலந்த ஈரப்பனி ஒரு கன மீற்றருக்கு 300 கிலோவரை வரக்கூடும். 30 சென்ரிமீற்றர் ஈரப்பனி 9 சதுர மீற்றர் கூரையில் தங்கினால் அது 800 கிலோ. அரைவட்ட வளைவுக் குடிலின் உச்சி தட்டையாக இருப்பதால் பனி அங்கே தங்கும். உச்சி கூரான வளைவு அல்லது செங்குத்தாகச் சரியும் கூரை அதைத் தள்ளிவிடும். வாங்கும் பொதியில் கூரை தாங்கும் பாரம் எழுதப்படாமல் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

போர்வையாகக் கண்ணாடி அழகானது, நெடுநாள் உழைக்கும். ஆனால் ஒற்றைக் கண்ணாடி 10 மில்லிமீற்றர் பொலிகாபனேற்றைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வெப்பத்தை இழக்கிறது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் ஆறு மில் (ஏறக்குறைய 0.15 மில்லிமீற்றர்) தடிப்பான பொலித்தீன் மிக மலிவு, நான்கு ஆண்டளவில் மாற்ற வேண்டும். இரண்டு படலங்களை இட்டுச் சிறிய விசிறியால் இடையே காற்றடைத்தால் இழப்பு வெகுவாகக் குறையும். முதன்முறை கட்டுபவருக்கு 8 அல்லது 10 மில்லிமீற்றர் பொலிகாபனேற்றையே நான் பரிந்துரைப்பேன். அதைப் பொருத்துவதில் சில நுணுக்கங்கள் உள்ளன. பொதுவாக ஒரு முகத்தில் மட்டுமே கதிர்த்தடுப்புப் பூச்சு இருக்கும். தகட்டின் மேல்தாளில் குறித்துக் காட்டியுள்ள அந்த முகம் வெளியே பார்க்க வேண்டும். தகட்டின் இரு சுவர்களுக்கும் இடையிலுள்ள உட்குழல்கள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், அப்போதுதான் உள்ளே படியும் ஈரம் வடியும். மேல்விளிம்பை அலுமினிய நாடாவால் முற்றாக அடைத்து, கீழ்விளிம்பைக் காற்றுப் போகும் நுண்துளை நாடாவால் மூட வேண்டும். இரண்டையும் இறுக அடைத்தால் குழல்களுக்குள் பச்சைப் பாசி பிடிக்கும். கோடைக்கும் குளிருக்கும் இடையில் 60 பாகை மாற்றத்தில் 2 மீற்றர் தகடு 8 மில்லிமீற்றர் அளவில் நீண்டு சுருங்கும். ஆகவே துளையைத் திருகாணியிலும் பெரிதாக இட்டு, இறப்பர் வளையத்தோடு, தகடு நெளியாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

கறுப்பு நீர்ப்பீப்பாய்களை வைத்தால் ஹீற்றரே வேண்டாம் என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. 200 லீற்றர் நீர் 10 பாகை குளிர்ந்தால் வெளிவிடுவது 2.3 கிலோவாட் மணி. மைனஸ் 20 இரவில் மேலே சொன்ன குடிலை 5 பாகையில் வைத்திருக்க அது முக்கால் மணி நேரத்துக்கும் போதாது. அதோடு, பெரும் ஏரிகளின் ஈரத்தால் இங்கே நவம்பரும் டிசம்பரும் மூடமாகவே கழிவதால், பீப்பாயைச் சூடாக்க வெயிலும் இராது. ஆனால் அதே நீர் முழுவதும் உறையும்போது 18 கிலோவாட் மணிக்கு மேல் வெளிவிடுகிறது. சூடேற்றாத குடிலில் உள்வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சரியாமல் தடுப்பதில் பீப்பாய்க்குப் பங்கு உண்டு. கழுத்துவரை நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். பீப்பாயைவிட மலிவானது, பாத்தியின் மேல் கம்பி வளைவுகள் நட்டு இரவில் விரிக்கும் வெள்ளை உறைபனித் துணி; குடிலுக்குள் ஒரு சிறு குடிலாக அது நின்று சில பாகைகளைக் காத்துத் தருகிறது.

ஹீற்றர் வைப்பதானால் வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள மின் ஹீற்றரே நல்லது. புகைபோக்கி இல்லாத புரோபேன், மண்ணெண்ணெய் ஹீற்றர்கள் ஈரத்தையும், செடிக்குக் கேடான எதிலீன் வாயுவையும், சில வேளை மனிதரைக் கொல்லும் காபனோரொட்சைட்டையும் உள்ளே விடுகின்றன. மின் இணைப்பை உரிமம் பெற்ற மின்னியலாளரைக் கொண்டு, மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்து, மின்கசிவில் தானே துண்டிக்கும் பிளக்கோடு செய்விக்க வேண்டும். நீட்சி வயரில் ஹீற்றரைக் கொளுவி ஒரு பருவத்தைக் கடத்திவிடலாம் என்று நானும் நினைத்தேன். ஒரு பெப்ரவரி இரவு அது துண்டித்தது, காலையில் மிளகாய் நாற்றுகள் அனைத்தும் கண்ணாடி போல நின்றன. உள்ளிருக்கும் வெப்பநிலையைப் படுக்கையறையில் காட்டி, 2 பாகைக்குக் கீழே போனால் ஒலி எழுப்பும் கம்பியில்லா மானியை அதன் பின்னர்தான் வாங்கினேன்.

குளிரைப் பற்றியே நினைத்து வெப்பத்தை மறந்துவிடக் கூடாது. மார்ச்சில் வெளியே 5 பாகையாக இருக்கும் ஒரு வெயில் நாளில், மூடிய குடில் 35 பாகையைத் தாண்டும். காற்றுவாயில்களின் மொத்தப் பரப்பு தரைப்பரப்பின் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றையாவது முகட்டருகே அமைத்து, வெப்பத்தில் விரியும் மெழுகு உருளையால் தானே திறந்து மூடும் பொறியைப் பூட்டுங்கள். அதற்கு மின்சாரம் தேவையில்லை, நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்திலும் அது வேலை செய்யும். குளிர்காலத்தில் நீரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில், அடிமண்ணுக்கு மட்டும் ஊற்றினால் போதும். மாலையில் இலை நனைந்தால் சாம்பற் பூஞ்சணம் பிடிக்கும்.

விதைப்பை நாள்காட்டியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் முக்கால் வளர்த்தியை எட்டியிருக்க வேண்டுமென்பதால், பாலக்கீரையும், கோவாக் குடும்பத்தைச் சேர்ந்த கேல் கீரையும் ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் நடுவுக்குள் விதைக்கப்பட வேண்டும். கொத்தமல்லியையும் அப்போதே தூவலாம், இலேசான உறைபனியை அது தாங்கும். உறைந்து துவண்ட இலையைக் காலையில் தொடாமல், நண்பகலில் அது தெளிந்து நிமிர்ந்த பின்னரே பறியுங்கள். மார்ச்சில் வீட்டுக்குள் முளைக்கவைத்த தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை ஏப்ரலில் குடிலுக்கு மாற்றி, இரவில் துணி போர்த்தி, மே மாதப் பிற்பாதியில் வரும் விக்ரோரியா நாள் விடுமுறை கழிந்த பின்னர் வெளிப்பாத்தியில் நடலாம். கறிவேப்பிலைச் சாடியும் அதே வரிசையில், குடிலில் இரண்டு வாரம் வெயிலுக்குப் பழகிய பின்னர், வெளியே வரும். ஜூன் தொடங்கியதும் தெற்குக் கூரையில் நிழல்வலையைக் கட்டி, கதவைத் திறந்தே விட்டுவிடுங்கள்.