கறுப்பு ஆமை, பளபளக்கும் ஓடு: குளத்தங்கரையில் படம் எடுக்க ஒரு செய்முறை

ஆமையைத் தேடிக் கொடைக்கானல் குளிருக்கு ஏற வேண்டாம். அதன் உடம்பு சூடேற வெயில் வேண்டும். பழனி மலை அடிவாரத்துக் குளங்களே போதும். நான் எடுத்துப் பழகியதும் அப்படி ஒரு குளத்தில்தான். குளத்தின் பெயரை ஏன் சொல்லவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு அங்கே அதிகம் தட்டுப்படுவது காராமை. கறுத்த ஓடு, முதுகில் நீளவாக்கில் மூன்று மேடுகள். கறுப்பு நிறமும் ஈர மினுக்கமும் ஒரே ஓட்டில் சேர்ந்தால் கேமரா தடுமாறும். புதிதாக எடுப்பவர்களின் படங்கள் கெடுவது பெரும்பாலும் இதனால்தான்.

1. நேரமும் இடமும்

மழை முடிந்து குளம் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்கள் நல்லவை. காலை எட்டு மணிக்கு மேல் ஆமைகள் கட்டையிலோ பாறையிலோ ஏறி வெயில் காயும். முதல் நாள் நான் நேராகக் கரையில் நடந்துபோனேன். ‘தொப், தொப்’ என்று அங்கிருந்த நான்கு ஆமைகளும் தண்ணீரில் விழுந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா சிரித்தார். “காலடி அதிர்ந்தாலே முங்கிரும் தம்பி. முன்னாடியே வந்து உட்காந்துக்கணும்.” இதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவை ஏறும் முன்பே போய், மங்கலான நிறச் சட்டையில், கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி உட்காருங்கள்.

2. ஓடு காயட்டும்

ஏறியவுடன் எடுக்காதீர்கள். ஈர ஓட்டில் வானம் வெள்ளைத் திட்டாக விழும். அதை எடிட்டிங்கில் மீட்க முடியாது. கொஞ்சம் பொறுத்தால் ஓடு உலர்ந்து வரிகள் தெரியும். அப்புறம் அது பின்னங்காலை நீட்டி, விரல்களை விரித்து, கழுத்தை உயர்த்தும். படம் அதுதான். போலரைசர் ஃபில்டர் (லென்ஸின் முன் மாட்டும், பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி) இருந்தால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள், தண்ணீரின் கண்கூசும் மினுக்கம் குறையும். வெளிச்சத்தையும் கொஞ்சம் தின்னும், அதனால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) கூட்ட வேண்டியிருக்கும்.

3. வெளிச்சக் கணக்கு

சுற்றிலும் பளிச்சென்ற தண்ணீர், நடுவில் சின்ன ஆமை என்றால் கேமரா மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும், ஆமை கரிக்கட்டையாகத் தெரியும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 வரை கூட்டுங்கள். ஆமையே படத்தை நிறைத்தால் நேர்மாறு: கேமரா கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும், –0.7 வையுங்கள். மொபைலில் ஆமையின் மேல் தொட்டு, சூரியக் குறியை நகர்த்தினால் போதும். ஃபோகஸ் கண்ணில். ஷட்டர் வேகம் 1/500 நொடி. முடிந்தால் ரா ஃபார்மட் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு).

4. எடிட்டிங்

ஸ்நாப்சீட் என்ற மொபைல் ஆப்பே போதும். முதலில் கிராப்: ஆமை பார்க்கும் திசையில் இடம் விடுங்கள். அடுத்து டியூன் இமேஜில் ஹைலைட்ஸை (பளிச்சென்ற பகுதிகளை) குறைத்து, ஷாடோஸை (இருண்ட பகுதிகளை) மெதுவாகக் கூட்டுங்கள். ஓட்டின் மேடுகள் இருட்டிலிருந்து எழும்பி வரும். எல்லை தாண்டினால் கறுப்பு வெளிறிச் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும், அங்கே நிறுத்துங்கள். குளத்துப் பச்சை ஓட்டிலும் ஏறியிருந்தால் வொயிட் பேலன்ஸில் சரி செய்யலாம். செலக்டிவ் கருவியில் கண்ணில் ஒரு புள்ளி வைத்து லேசாக வெளிச்சம் கூட்டினால் ஆமைக்கு உயிர் வந்துவிடும். ஓட்டில் ஒட்டிய பாசியை அழிக்காதீர்கள், அது அழுக்கு இல்லை.

5. பதிவிடும் முன்

நல்ல போஸுக்காக ஆமையைக் கையில் எடுக்கவே கூடாது. அதைக் காக்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கேமரா ஆப்பில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். வறண்ட புதர்க்காட்டு நட்சத்திர ஆமைகளை வளர்ப்புக்காகக் கடத்தி விற்கிறார்கள். 2019இல் அவற்றின் பன்னாட்டு வணிகத்துக்கே தடை வந்தது. படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் எண் யார் கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது. எந்தக் குளம் என்று கேட்பவர்களுக்கு, “பழனிப் பக்கம்” என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.